வலிப்பு நோயை மறைப்பதேன்?

தஞ்சைத் தரணியில் ஆடவல்லானின் செப்புத் திருமேனி இல்லாத பெருங்கோயிலைக் காண்பது அரிது. தஞ்சைக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ள சோழர் காலத் திருமேனிகளை நம் அங்கத்தினர்களிற் பலர் கண்டிருப்பார்கள். தூக்கிய திருவடியையும் விரிந்த சடையையும் கண்டு வியப்பவர்கள், ஊன்றிய திருவடியின்கீழ்க் கிடக்கும் குறளனைச் சற்றே பார்த்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறார்கள். அவனுக்குத் தமிழில் முயலகன் என்று பெயர். வடமொழியில் அபஸ்மாரன் என்பர். அபஸ்மாரம் என்பது ஆயுர்வேத நூல்கள் வலிப்பு நோய்க்கு இட்ட பெயர். நினைவு அகன்று போதல் என்பது அச்சொல்லின் கருத்து. தமிழிலும் முயலகன் என்னும் சொல் இந்நோயைக் குறித்து வழங்கியிருக்கிறது. திருஞானசம்பந்தர் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு எழுந்தருளியபோது, கொல்லி மழவன் என்னும் தலைவன் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து வருந்திய தன் மகளைக் கோயிலிலே கொண்டுவந்து கிடத்தியிருந்தான் என்றும், பிள்ளையார் பதிகம் பாட அவள் நோய் நீங்கி எழுந்தாள் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. இன்று திருவாசி என வழங்கும் அத்தலத்தில், கூத்தப்பிரானின் திருவடியின்கீழ் முயலகனுக்குப் பதிலாக அரவமே காணப்படுகிறது என்பர்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொல்லி மழவன் ஒரு நாட்டுக்குத் தலைவன். ஆயினும் தன் மகளின் நோயை அவன் அரண்மனைக்குள் ஒளித்து வைக்கவில்லை. ஊரறியக் கோயிலிலே கொண்டுவந்து கிடத்தினான். இன்று நம் கிராமங்களில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் முதலில் சாத்தப்படுவது தெருக்கதவு. பிறகு அக்கம்பக்கத்தாருக்கு 'மயக்கம்' என்றும் 'பித்தம்' என்றும் ஏதேனும் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. கையிழந்தவரையும் கண்ணிழந்தவரையும் பார்த்த மாத்திரத்தில் நமக்குத் தெரிகிறது, உதவ முன்வருகிறோம். வலிப்புள்ளவரோ, ஒரு வலிப்புக்கும் மறு வலிப்புக்கும் இடையில் நம்மைப் போலவே நடக்கிறார், நெய்கிறார், நாற்று நடுகிறார். அவருடைய நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் மறைப்பது எளிதாகிறது. மறைத்த காரணத்தால் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. ஆறும் வாய்க்காலும் குளமும் கிணறும் நிறைந்த நம் நாட்டில் இது வெறும் பேச்சன்று.

வலிப்பு என்பது என்ன? நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இவை மிக நுண்ணிய மின்சாரக் குறிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த மின்னோட்டத்தை மண்டையோட்டின் மேலிருந்தே பதிவு செய்யலாம் என்று ஜெர்மனி தேசத்து டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் செய்து காட்டினார். இன்று மருத்துவமனைகளில் தலையில் கம்பிகளைப் பொருத்தி எடுக்கும் 'இ.இ.ஜி.' என்னும் சோதனை அதன் வழி வந்ததே. நெசவாளர்களுக்கு இதைத் தறியைக் கொண்டு விளக்குவது எளிது. மிதியை மிதிக்கும்போது பாவின் இழைகளில் ஒரு பாதி மேலே எழும்புகிறது, மறு பாதி கீழே தாழ்கிறது. இடையே திறக்கும் வழியில் நாடா ஓடுகிறது. முறை மாறி மாறி எழுவதனால்தான் துணி உண்டாகிறது. எல்லா இழைகளும் ஒரே சமயத்தில் மேலே தூக்கப்பட்டால் நாடா ஓடுவதற்கு வழி ஏது? மூளையிலும் முறை மாறிப் பணி செய்யவேண்டிய அணுக்களில் ஒரு பெருங்கூட்டம் திடீரென்று ஒருசேரக் கிளர்ந்தெழுமாயின் அதுவே வலிப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷங்களில் அது தானாகவே அடங்கிவிடும்.

கைகால் இழுத்துக்கொண்டு வாயில் நுரை தள்ளுவதுதான் வலிப்பு என்று நாம் எண்ணியிருக்கிறோம். அது ஒரு வகை மாத்திரமே. பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் எழுதத் தொடங்குவதும் வலிப்பாக இருக்கலாம். 'கவனமில்லை' என்று அந்தப் பிள்ளை வாங்கும் அடிகள் எத்தனையோ! ஒரு கை மட்டும் துடிப்பது, இல்லாத நாற்றம் வீசுவதாகத் தோன்றுவது, சுயநினைவின்றி உதட்டைச் சப்பிக்கொண்டு வேட்டியின் ஓரத்தைப் பிசைந்துகொண்டிருப்பது ஆகியவையும் இதன் உருவங்களே. காக்காய் வலிப்பு என்னும் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்கை வலிப்பு என்பதே மக்கள் வாயில் மருவி அவ்வாறாயிற்று என்பர். காக்கைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இது பேயுமன்று, பைத்தியமுமன்று, தொற்று நோயுமன்று. வலிப்பு வந்தவரின் உமிழ்நீர் பட்டால் நமக்கும் வந்துவிடும் என்று அஞ்சி விலகி நிற்பவர்கள் இன்றும் உளர். அந்த அச்சத்துக்கு ஆதாரமே இல்லை. கிரேக்க தேசத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூலொன்று, தெய்வக் குற்றத்தால் வருவதென மக்கள் கருதிய இந்நோய் மூளையிலிருந்து எழுவதே என்று வாதாடிற்று. ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கிக்கு இந்நோய் இருந்தது. பந்து பிடிப்பதில் இணையற்றவரெனப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ், தமக்கு வலிப்பு நோய் உண்டென்பதை உலகறியச் சொன்னவர்.

உலகில் சுமார் 5 கோடி மக்களுக்கு வலிப்பு நோய் இருக்கிறதென்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரிய எண்கள் மனத்தில் தங்குவதில்லை. ஆதலால் நம் மாநிலத்துக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள், அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 50,000 மக்களிடையே வீடு வீடாகச் சென்று ஓர் ஆய்வு நடத்தி, 2006-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நான்கு பேர் வலிப்புடன் வாழ்வதாக அவர்கள் கண்டார்கள். அந்தக் கணக்கின்படி 2,000 பேர் வாழும் ஓர் ஊரில் எட்டுப் பேர் இருக்கவேண்டும். நம் சங்கத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் அந்த எட்டுப் பேர் யார் என்று எண்ணிப் பார்க்கட்டும். இருவரையோ மூவரையோதான் சொல்ல முடியுமென்றால், ஏனையோர் எங்கோ மறைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும்.

அதே ஆய்வு வேறோர் உண்மையையும் வெளிப்படுத்திற்று. வலிப்புள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் ஒரு புழுவின் இளம்பருவம் தங்கியிருந்ததே காரணமாக இருந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பன்றியின் இறைச்சியில் நாடாப்புழுவின் இளம்பருவம் சிறு கொப்புளங்களாக இருக்கும். அதைச் சரியாக வேகவைக்காமல் உண்டவரின் குடலில் அது நாடாப்புழுவாக வளர்கிறது. அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறுகின்றன. வெட்டவெளியில் கழிக்கப்படும் மலம் மழைநீரோடு வாய்க்காலில் கலந்து, கீரையிலும் காய்கறியிலும் ஒட்டிக்கொண்டு, கழுவாத கைகளின் வழியே பிறர் வாய்க்குள் செல்கிறது. அந்த முட்டைகளிலிருந்து வெளிப்படும் நுண்புழு இரத்த ஓட்டத்தோடு சென்று மூளையில் தங்கிவிட்டால் வலிப்பு உண்டாகிறது. பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொட்டறியாதவருக்கும், முட்டையைக்கூட ஒதுக்கும் சைவருக்கும் இது வரும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 'எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது' என்பது இங்கே காப்பாகாது. கழிப்பறையைப் பயன்படுத்துவதும், மலங்கழித்த பின்னும் உணவுக்கு முன்னும் சோப்பினால் கை கழுவுவதும், பச்சையாகத் தின்னும் காய்கறிகளை நன்றாகக் கழுவுவதுமே காப்பு.

இந்தப் புழுவைக் கண்டறிந்த கதையிலும் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. தலையை 'ஸ்கேன்' எடுக்கும் கருவி நம் நாட்டுக்கு வந்த புதிதில், வலிப்புள்ள பலருடைய மூளையில் ஒரே ஒரு சிறு கட்டி இருப்பது தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கருதி, அதற்குரிய மருந்தை நீண்டகாலம் கொடுத்து வந்தார்கள். டாக்டர் மாத்யூ சாண்டியும் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடன் பணிபுரிந்தோரும் அக்கட்டிகளை ஆராய்ந்து, அவற்றிற் பெரும்பாலானவை இந்தப் புழுவின் எச்சங்களே என்று 1989-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பலருக்கு அச்சிறு கட்டி சில மாதங்களில் தானாகவே கரைந்து மறைந்துவிடுகிறது. இதனால், வேண்டாத மருந்திலிருந்தும் வேண்டாத அச்சத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் விடுபட்டன.

புழு ஒன்றே காரணமன்று. பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டால் மூளை பாதிக்கப்படுகிறது. இருசக்கர வாகனத்திலிருந்து தலைக்கவசமின்றி விழுவதும், முதியோருக்கு இரத்தக் கொதிப்பால் வரும் பக்கவாதமும் வலிப்பை விட்டுச் செல்கின்றன. நெல் வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் ஒருவகைக் கொசு, ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. அந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1955-இல் கண்டறியப்பட்டதும் வேலூரில்தான். பிழைத்த குழந்தைகள் பலருக்கு வலிப்பு நிலைத்துவிடுவதுண்டு. நோய் காணப்படும் மாவட்டங்களில் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து தெளிப்பவர்கள் முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளாமல் காற்றுக்கு எதிராக நின்று தெளித்தால், அந்த நஞ்சே வலிப்பைக் கிளப்பக்கூடும். 2011-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்பான் அத்தகையதே. சாராயத்தை நாள்தோறும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துபவருக்கும் வலிப்பு வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடுஞ்சுரத்தில் வரும் வலிப்பு வேறு. அதில் பெரும்பாலானவை பிற்காலத்தில் தொடர்வதில்லை. எனினும் முதல் முறை வந்தவுடன் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். காரணம் ஒன்றும் புலப்படாமலே வலிப்பு வருபவர்களும் பலர்.

இனி, மறைப்பதால் வரும் கேட்டுக்கு வருவோம். நாம் நன்கறிந்த ஒரு நெசவாளர் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பதினாறு வயதில் வலிப்பு கண்டது. அரசு மருத்துவமனையில் காட்டி, மாத்திரை உண்டு, இரண்டாண்டுகள் வலிப்பேயின்றி இருந்தாள். நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. பிள்ளைவீட்டாருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தாயார் மகளைத் தனியே அழைத்து, 'புக்ககத்தில் மாத்திரையை எடுத்து விழுங்கினால் கேள்வி வரும்; கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு, அம்மா' என்று சொல்லியனுப்பினார். தாய் பகையாலா சொன்னார்? அன்பால்தான் சொன்னார். கல்யாணமான ஒன்பதாம் நாள் விடியற்காலையில் படித்துறையில் இறங்கிய பெண்ணுக்கு, முழங்கால் அளவு தண்ணீரில் வலிப்பு வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூந்தலைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்ததனால் உயிர் பிழைத்தாள். கணவர் வீட்டார் பிற்பாடு அவளை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வீட்டு மாமியார் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்ன வார்த்தை நம் நினைவில் இன்றும் இருக்கிறது: 'நோய் எவர் வீட்டில் இல்லை? சொல்லியிருந்தால் பெண்ணைத் தனியாகத் துறைக்கு அனுப்பியிருப்பேனா?' அவ்வார்த்தை முழுவதும் நியாயம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சம்பந்தமே நின்றிருக்கலாம். ஆனாலும் பெண் தண்ணீரில் விழுந்திருக்க மாட்டாள். அவள் இன்று தாய்வீட்டில் மாத்திரையைத் தவறாமல் உண்டு, தறியில் அமர்ந்து முழுக்கூலி பெறுகிறாள். நான்காண்டுகளாக வலிப்பு இல்லை.

முழங்கால் அளவுத் தண்ணீர் போதும் என்பதை உழவர் குடும்பங்கள் நினைவில் கொள்ளவேண்டும். மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறந்துவிடுவது மரபு. குடமுருட்டியிலும் வெண்ணாற்றிலும் அரசலாற்றிலும் நீர் வந்து, வாய்க்கால்களில் புரளும் நாளை நாம் மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கிறோம். வலிப்புள்ளவர் வீட்டில் அந்த நாளிலிருந்து கூடுதல் விழிப்பு வேண்டும். துறையில் தனியே குளிக்கலாகாது. வீட்டில் செம்பினால் மொண்டு ஊற்றிக்கொள்வதே நல்லது. மடை திறக்க இரவில் தனியே செல்லலாகாது. வலிப்பு முற்றும் அடங்கும்வரை தென்னை ஏறுவதும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றருகில் நிற்பதும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டுக் கொடுப்பதும், சாயம் கொதிக்கும் கொப்பரையைக் கிளறுவதும், தனியே விறகடுப்பின் முன் அமர்ந்து சமைப்பதும் தவிர்க்கத்தக்கன. மோட்டார் வாகனம் ஓட்ட உரிமம் கேட்போர் தமக்கு வலிப்பு உண்டா என்பதை அறிவிக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. அதில் பொய் சொல்வது வழியில் வரும் பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது? நம் ஊர்களில் உடனே நடப்பது, சாவிக்கொத்தையோ கொழுவையோ தேடி ஓடி அவர் கையில் திணிப்பதுதான். வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷங்களில் தானே அடங்குவதால், இரும்பு கொடுத்ததனால் அடங்கியது என்று தோன்றுகிறது. இரும்பு தேடும் நேரத்தில் செய்யவேண்டியவை வேறு. அருகிலுள்ள நெருப்பு, அரிவாள், கத்தரி முதலியவற்றை அகற்றுங்கள். தலைக்கடியில் துண்டையோ புடவையையோ மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். துடிப்பு சற்று அடங்கியதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். உமிழ்நீர் வெளியே வழிந்து மூச்சு தடைபடாமல் இருக்கும். வாய்க்குள் கரண்டியையோ விரலையோ நுழைக்கவேண்டாம். பல் உடையும், விரலும் போகும். கைகால்களை அமுக்கிப் பிடிக்கவேண்டாம். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ சோடாவோ புகட்டவேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷங்களுக்குமேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும், கர்ப்பிணியானாலும், தலையில் அடிபட்டாலும், அதுவே முதல் வலிப்பானாலும் 108 வண்டியை அழைத்துவிடவேண்டும். தண்ணீரில் வலிப்பு வந்தால், முகத்தை நீருக்குமேல் தூக்கிப் பிடித்து, துடிப்பு தணிந்ததும் கரையேற்றுங்கள். பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். நுரையீரலில் நீர் புகுந்திருக்கக்கூடும்.

மருந்தைப் பற்றிய செய்தி நம்பிக்கை தருவதாகும். 1912-இல் பீனோபார்பிட்டோனும் 1938-இல் பெனிட்டாயினும் வலிப்பை அடக்குவது கண்டறியப்பட்டது. இன்று அவற்றோடு இன்னும் பல மருந்துகள் இருக்கின்றன. சரியான சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழமுடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நம் நாட்டில் இத்துறை தளிர்த்ததிலும் தமிழகத்துக்கே முதலிடம். 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தியும் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். இராமமூர்த்தி அவர்கள் 1922-இல் நம் சீர்காழியிலே பிறந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை. மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை சிகிச்சையும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் அது நடைபெற்று வருகிறது. அவ்வளவு தூரம் செல்லவேண்டியவர்கள் மிகச் சிலரே. தஞ்சையில் 1959-இலும், திருவாரூரில் 2010-இலும், நாகப்பட்டினத்தில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டிருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் வலிப்புக்கான மாத்திரைகள் விலையின்றிக் கிடைக்கின்றன.

ஆயினும் மருந்து தோற்பது பெரும்பாலும் மருந்தின் குற்றத்தால் அன்று. ஆறு மாதம் வலிப்பு வரவில்லையென்றால் 'குணமாகிவிட்டது' என்று நாமே முடிவுகட்டி நிறுத்திவிடுகிறோம். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்ந்து உயிரைப் பறிக்கக்கூடும். பொதுவாக இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் வலிப்பற்றிருந்த பிறகே, டாக்டர் பார்த்து மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதை நாம் குறைகூறவில்லை. மண்டலம் விரதம் இருப்பவர் மாத்திரையையும் சேர்த்தே உண்ணட்டும் என்றுதான் சொல்கிறோம்.

உறக்கம் கெடுவது வலிப்பை அழைக்கும் கதவு. நம் இரு தொழில்களிலுமே இந்த இடர் உண்டு. தீபாவளி நெருங்கும்போது தறியில் விளக்கேற்றி நள்ளிரவு தாண்டி நெய்கிறோம். முறைப்பாசனத் தண்ணீருக்காக உழவர்கள் வயலிலே விழித்துக் கிடக்கிறார்கள். வலிப்புள்ளவரை இரவு வேலையிலிருந்து விலக்கி, அதே அளவு வேலையைப் பகலில் கொடுப்பதில் எவருக்கும் நஷ்டமில்லை. குழித்தறியில் நெய்வது இவர்களுக்கு ஆகாத தொழிலன்று. தரையோடு அமர்ந்திருப்பதால் உயரத்திலிருந்து விழும் அச்சமில்லை. பக்கத்துத் தறியில் ஒருவர் இருந்தால் போதும். தார் சுற்றுதல், பாவுக்கு நூல் சேர்த்தல், விதை பொறுக்குதல், நடவு, களையெடுப்பு எல்லாம் துணையோடு செய்யத்தக்கவையே. 'வேலையே வேண்டாம், மூலையில் இரு' என்று சொல்வது கருணையாகத் தோன்றினாலும் அவர் மனத்தை அது கொன்றுவிடுகிறது.

கல்யாண விஷயத்தில் சட்டம் ஒரு வட்டம் சுற்றி வந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் செய்யத் தகுதியற்றவர் என்று சேர்த்தது. 1999-இல் மற்றொரு திருத்தம் அச்சொல்லை நீக்கிற்று. ஆகவே வலிப்புள்ளவர் மணம் புரிவதற்குச் சட்டத்தில் இன்று தடையில்லை. பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். ஆனால் ஒன்று: வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். மணமாகவிருக்கும் பெண் முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால், வேண்டுமானால் மருந்தை மாற்றி, போலிக் அமில மாத்திரையும் கொடுப்பார். மறைத்து மணம் முடிப்பவர்கள் இந்த வாய்ப்பையும் இழக்கிறார்கள். கர்ப்பமான பிறகு அஞ்சித் தாமே மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் பெரிய ஆபத்து.

இதற்காக ஒருவர் தம் நோயை ஊர்ப்பலகையில் எழுதி ஒட்டவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நால்வருக்குத் தெரிந்தால் போதும்: வீட்டாருக்கு, பக்கத்துத் தறிக்காரருக்கு, வயலில் உடன் நிற்பவருக்கு, குழந்தையானால் பள்ளி ஆசிரியருக்கு. அந்த நால்வரும் முதலுதவி அறிந்தவர்களாக இருக்கவேண்டும். சங்கங்கள் தத்தம் பொதுக்கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரை அழைத்து, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பதைச் செய்து காட்டச் சொல்லலாம். லாபப் பங்கீடு பற்றிய விவாதத்தில் நாம் செலவிடும் நேரத்தோடு ஒப்பிட்டால் அரை மணி பெரிதன்று.

இன்னொரு தொல்லையும் உண்டு. நெசவாளருக்குக் கூலி நெய்த அளவுக்கே கிடைப்பதால், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். பஸ் கட்டணம் வேறு. நடவு நாளில் உழவரும் போகமாட்டார். மாத்திரை விட்டுப்போவது பல வீடுகளில் இப்படித்தான். ஓரூரில் மூன்று நான்கு பேர் இருப்பார்களானால், டாக்டரின் அனுமதி பெற்று, ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோருடைய சீட்டுகளையும் கொண்டுசென்று மருந்து வாங்கி வரலாம். போய்வரும் செலவைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து கொடுப்பதைப் பற்றி நிர்வாகக் குழுக்கள் யோசிக்கவேண்டும். கையிருப்பு தீர ஐந்து நாள் இருக்கும்போதே அடுத்த பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் பாதை அடைபடும் ஊர்களில் பத்து நாளுக்கு முன்பே புறப்படவேண்டும்.